பழைய கார்புரேட்டரைத் தூக்கி எறியலாமா?

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவர்)

பழுதான ஒரு பொருளைச் சீர்செய்வதா, தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா என்ற கேள்விக்கு இந்நாளில் நாம் சிந்திக்காமலே விடை கூறிவிடுகிறோம். “அதெல்லாம் இப்ப யாரு பாக்குறாங்க, புதுசு போட்டுடுங்க” என்பதே எங்கும் கேட்கும் குரல். கைக்கடிகாரத்துக்கும் இதே விடை. மின்விசிறிக்கும் இதே விடை. மோட்டார் வண்டிக்கும் இதே விடை. எல்லா இடத்திலும் இவ்விடை தவறு என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் ஓரிடத்தில் இது தவறு என்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். பழைய காரின் கார்புரேட்டர்தான் அந்த இடம். வரலாற்று மாணவனுக்குக் கார்புரேட்டரில் என்ன வேலை என்று பேராசிரியப் பெருமக்கள் புன்னகை புரியலாம். கட்டுரையைப் படித்து முடித்தபின் அப்புன்னகையை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று அவர்களே தீர்மானிக்கட்டும்.

எங்கள் ரஞ்சன்குடியைப் பலரும் கோட்டைக்காகவே அறிவர். ஆற்காட்டு நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பர். 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மோதிய வாலிகண்டபுரம் போரில் இக்கோட்டைக்கும் பங்குண்டு. அது போகட்டும். அந்தக் கோட்டைக்கு அருகே செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைதான் என் கதைக்கு வேண்டியது. அச்சாலையோரம் என் தாய்மாமன் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். சாலை நான்கு வழியாக விரிவதற்கு முன்பு, இரவில் நின்றுபோன வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்களாம். இப்போது வண்டிகள் நிற்பதில்லை. நின்றாலும் கைப்பேசியில் கம்பெனிக்காரனை அழைக்கிறார்கள். மாமாவிடம் வருவன டிராக்டர், பழைய ஜீப், எப்போதாவது ஓர் அம்பாசிடர்.

அப்படி வந்ததுதான் 1972ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசிடர் ஒன்று. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சுற்று வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அதுதான் கல்யாண வண்டி, பிரசவ வண்டி. காலையில் உதறும், சூடானால் நின்றுபோகும், மேட்டில் இழுவை இல்லை. நகரத்தில் ஒரு பட்டறையில், “கார்புரேட்டர் செத்துப்போச்சு சார், மாருதி கார்புரேட்டரை மாத்தி வெச்சுக் குடுத்துடுறோம்” என்றிருக்கிறார்கள். சென்னையிலுள்ள மகனோ, “எதுக்குப்பா இந்தச் செலவு, எடைக்குப் போட்டுடுங்க” என்கிறார். ஆசிரியர் மாமாவிடம் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: “மாத்துறதா, விக்கிறதா?” மாமா சொன்ன விடை: “ரெண்டும் வேணாம் ஐயா. இருக்கறதைப் பிரிச்சுப் பாப்போம்.”

அவ்விடை சரியானது என்பதே என் துணிபு. ஏன் என்று கூறுவதற்கு முன், கார்புரேட்டர் என்பது யாது என்று சுருங்கச் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்குள் பிறந்த நம்மில் பலர் அதைப் பார்த்திருக்கமாட்டோம். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் 2000ஆம் ஆண்டையொட்டிப் புதிய கார்களிலிருந்து அது விடைபெற்றது. பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் போய்விட்டது.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அது பொடித் துளிகளாகிக் காற்றோடு கலக்க வேண்டும், அதுவும் அளவோடு. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை. குறைந்தால் எஞ்சின் கொதிக்கும், இருமும், இழுக்க மறுக்கும். இந்தக் கலவையைச் செய்து தருவது கார்புரேட்டர். வாய்க்கால் நீர் மடையில் ஒடுங்கும்போது விரைவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே காற்றும் குறுகிய தொண்டையில் விரைகிறது. விரையும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் சிறு துளை வழியே பெட்ரோலை உறிஞ்சித் தூவுகிறது. வீட்டில் பூச்சிமருந்து அடிக்கும் கைப்பம்பும் இதே தத்துவந்தான். பெர்னோலி 1738இல் எழுதியதும், வெஞ்சூரி 1797இல் எழுதியதும் இயற்பியல் வகுப்பில் கரும்பலகையில் சமன்பாடாக நிற்கின்றன. பட்டறையில் அவை பெட்ரோல் வாடையோடு நிற்கின்றன. 1893இல் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் தனித்தனியே இத்தெளிப்பு முறையைக் கண்டனர். பூக்காரப் பெண் ஒருத்தி வாயால் நீரூதிப் பூக்களுக்குத் தெளித்ததைக் கண்டே ஹங்கேரியருக்கு இந்த எண்ணம் உதித்தது என்றொரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நம்மூர்ப் பூக்கடையில் நின்றவர்களுக்கு அது நம்பக்கூடிய கதை.

இனி விஷயத்துக்கு வருவோம். பழைய எஞ்சினுக்குக் கார்புரேட்டர் தேர்வதில் மூன்று வழிகள் உள்ளன. கடையில் கிடைக்கும் புதிய நகலை வாங்குவது. வேறு வண்டியின் கார்புரேட்டரை இடையில் ஒரு தகடு வைத்துப் பொருத்துவது. இருப்பதையே பிரித்துச் சீர்செய்வது. முதல் இரண்டுக்கும் ஆதரவாளர் மிகுதி. அவர்களுடைய காரணமும் ஒதுக்கத்தக்கதன்று: நேரம் மிச்சம்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின் இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழியில் வந்தது. மாருதி 800இன் எஞ்சின் மூன்று சிலிண்டரும் 796 சி.சி.யும் கொண்டது. சிறிய எஞ்சினின் மூச்சுக்கு அளவெடுத்த தொண்டையைப் பெரிய எஞ்சினுக்கு வைத்தால் என்ன ஆகும்? ஐட்லிங்கில் அழகாக நிற்கும். பட்டறை வாசலில் ஓட்டிக் காட்டினால் வாடிக்கையாளர் மகிழ்ந்து பணம் கொடுப்பார். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேடேறும்போது அந்தத் தொண்டை அடைக்கும். உட்கார்ந்திருக்கும் ஜெட்டுகளோ அந்தச் சிறு எஞ்சினுக்குக் கணக்கிட்டவை. தம்பியின் சட்டையை அண்ணன் போட்டுக்கொண்டால் நிற்கும்போது பொருந்தும். கையைத் தூக்கினால் கிழியும்.

நகலின் சங்கதி வேறு. பார்வைக்கு அசல் போலவே பளபளக்கும். ஆனால் கார்புரேட்டரின் உயிர் அதன் வடிவத்தில் இல்லை, துளைகளின் அளவில் இருக்கிறது. ஜெட்டின் மேல் 120 என்று பொறித்திருந்தால் அதன் துளை 1.20 மில்லிமீட்டர் என்று பொருள். அந்த எண்ணை நம்பித்தான் மற்றக் கணக்கெல்லாம். பொறித்த எண் ஒன்று, துளை வேறொன்று என்றால் என்ன செய்வது? அத்தகைய ஜெட்டுகள் மாமாவின் மேசை இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய உண்டு.

அசலோ நம் மாநிலத்துச் சரக்கு என்பதையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். பிரெஞ்சு நாட்டுச் சோலெக்ஸ் கார்புரேட்டரை உரிமம் பெற்று இந்தியாவில் செய்தது சென்னையிலிருந்த கார்புரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனம். அதே நிறுவனம் 1985இல் ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியதே யூகால். 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும் சென்னையில்தான் உருவாயிற்று. கோட்டை கொத்தளங்களை மட்டும் வரலாறு என்று எழுதி, இவற்றை விட்டுவிடுகிறோம். வாத்தியார் வண்டியின் கார்புரேட்டரைத் துடைத்தபோது அழுக்கினடியில் சோலெக்ஸ் என்ற எழுத்து தெரிந்தது. கல்வெட்டைத் துடைத்துப் படிக்கும்போது உண்டாகும் உணர்ச்சியிலிருந்து அது எனக்கு வேறுபடவில்லை.

சீர்செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் ‘ரிப்பேர்’ என்றால் தட்டிக் கொட்டுவது என்று நினைப்பவர் நம்மிடையே பலர்.

மாமா முதலில் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைப் பார்த்தார், கண்டன்சரை மாற்றினார், டைமிங் பார்த்தார், டேப்பட் இடைவெளி பார்த்தார். “கார்புரேட்டர் கோளாறுன்னு வர்ற வண்டியில பாதிக்கு மேல கரண்டுக் கோளாறு, மாப்ளே” என்பது அவர் சித்தாந்தம். பொறி சரியாக விழுகிறது என்று உறுதியானபின்தான் ஸ்பேனரைக் கையிலெடுத்தார். கழற்றுமுன் ஒவ்வோர் இணைப்புக் கம்பியும் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று என்னைப் படம் எடுக்கச் சொன்னார். முன்பெல்லாம் சுவரில் கரியால் வரைந்து வைப்பாராம்.

வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பிரித்தோம். திருகுகள் கழன்ற வரிசையிலேயே அடுக்கினோம். உடல் துத்தநாகக் கலவை, மிதவை பித்தளை, ஜெட்டுகளும் பித்தளை. மிதவை அறையின் அடியில் செம்மண் குழம்பு போல ஒரு வண்டல். பெட்ரோல் தொட்டியின் துரு. ஜெட்டுத் துளைகளைக் கம்பியால் குத்தக் கூடாது என்பது முதல் விதி. பித்தளை மென்மையானது, ஒரு குத்தில் 120 என்பது வேறு எண்ணாகிவிடும். ஊறவைத்து, காற்றடித்து, மீறினால் பிரஷ்ஷின் ஒரு மயிரால் நீவுவார். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை. ஐயத்துக்கு வெந்நீரில் அமுக்கினார், குமிழி வரவில்லை. குமிழி வந்திருந்தால் பற்ற வைக்கலாம். ஆனால் பற்றுவைத்த ஈயத்தின் எடை மிதவையைத் தாழ்த்தும், தாழ்ந்தால் பெட்ரோல் மட்டம் உயரும், அதற்கேற்ப நீடில் வால்வின் அடியிலுள்ள வாஷரை மாற்ற வேண்டும். ஓரிடத்தில் கை வைத்தால் மூன்றிடத்தில் கணக்குப் பார்க்க வேண்டிய பொருள் இது.

உண்மைக் கோளாறு வேறிடத்தில் இருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திரும்பும் தட்டு ஒன்று உண்டல்லவா, அதைத் தாங்கும் ஸ்பிண்டில் ஆடியது. ஐம்பதாண்டு மிதித்ததில் உடலின் துளை முட்டை வடிவமாகிவிட்டது. அந்த இடுக்கு வழியே கணக்கில் வராத காற்று உள்ளே புகுகிறது. எவ்வளவுதான் ஏர் ஸ்குரூவைத் திருகினாலும் ஐட்லிங் நிற்காது. ஏனெனில் காற்று கதவு வழி வரவில்லை, கூரை ஓட்டை வழி வருகிறது. சிமெண்டு லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளின் தூசும் இந்தத் தேய்மானத்துக்கு உதவி செய்திருக்கும் என்பது என் ஊகம்.

இவ்விடத்தில்தான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள். கைவிட வேண்டியதில்லை. பெரம்பலூரில் ஒரு லேத்துப் பட்டறையில் துளையை நேராகப் பெரிதாக்கி, வெண்கலப் புஷ் இரண்டு கடைந்து இறக்கினார்கள். புதிய ஸ்பிண்டில் கடைந்தார்கள். அரை நாள் வேலை. தட்டைப் பிடிக்கும் இரு சிறு திருகுகளின் முனைகளை மடக்கி அடித்தார் மாமா. ஒன்று கழன்றாலும் நேரே எஞ்சினுக்குள் விழுந்துவிடும். அடிப்பாகம் சூட்டில் வளைந்திருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை வைத்து எட்டு எட்டாகத் தேய்த்துச் சமமாக்கும் வேலை எனக்கு வாய்த்தது. இரண்டு மணி நேரம். கை வலித்தது என்பதைத் தவிர அதில் இலக்கியம் ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் பூட்டி, ஐட்லிங் திருகை மெல்ல அடிவரை இறக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வண்டியைக் கிளப்பினோம். எஞ்சின் சூடேறியபின் கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி. பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தார் மாமா. கருத்திருந்தால் பெட்ரோல் மிகுதி; வெளுத்திருந்தால் குறைவு; காப்பி நிறம் என்றால் சரி. எங்கள் பிளக் சற்றே வெளுத்திருந்தது.

ஏன் வெளுத்தது? இக்கேள்வியில்தான் இக்காலத்துச் சங்கதி ஒன்று அடங்கியிருக்கிறது. ஜெட்டு அசல், மிதவை மட்டம் சரி, காற்றுக் கசிவு இல்லை, மாறியிருப்பது பெட்ரோல். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜன். ஆகவே அது கேட்கும் காற்று குறைவு. பெட்ரோல் 14.7 பங்கு காற்று கேட்டால் எத்தனால் 9 பங்குதான் கேட்கும். கலவைக்கு ஏறத்தாழ 13.5. அதாவது, அதே காற்றுக்கு ஒன்பது விழுக்காடு போல எரிபொருள் கூடுதலாக வேண்டும். புதிய வண்டிகளில் மின்னணுக் கருவி இதைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை இல்லை, துளைதான் உண்டு. துளையை நாம்தான் மாற்ற வேண்டும்.

எவ்வளவு மாற்ற வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டாக 120 எண் ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.20இன் வர்க்கம் 1.44, 1.25இன் வர்க்கம் 1.5625. எட்டரை விழுக்காடு கூடுதல். ஆக, 120க்குப் பதில் 125 போட்டால் ஏறத்தாழ கணக்கு நேராகிறது. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு! இக்கணக்கை நான் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டியபோது, மாமா வாத்தியார் வண்டியில் இருந்த ஜெட்டுக்கு ஒருபடி பெரிய ஜெட்டை ஏற்கெனவே இழுப்பறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். பிளக்கின் நிறத்தைப் பார்த்தே அவர் அந்த முடிவுக்கு வந்திருந்தார். கணக்கு போட்டவனுக்குப் பெருமையா, நிறம் பார்த்தவருக்குப் பெருமையா என்ற பட்டிமன்றத்தை நான் தொடங்க மாட்டேன். தோற்பவன் நானாக இருப்பேன்.

எத்தனாலை நான் பழிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மக்காச்சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் அது வடிக்கப்படுகிறது. மக்காச்சோளம் விளைவிப்பதில் பெரம்பலூர் மாவட்டம் இம்மாநிலத்தில் முன்னிற்பது. நம் உழவனுக்கு நாலு காசு கிடைத்தால் நல்லதே. ஆனால் பழைய ரப்பர்க் குழாயும் டயாபிரமும் எத்தனாலில் ஊறி உப்பும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் நீர் பிரிந்து அடியில் தங்கித் துத்தநாக உடலை வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் எத்தனாலைத் தாங்கும் ரப்பர்ச் சாமான்களைக் கேட்டு வாங்க வேண்டும். வண்டியை வாரம் ஒருமுறையேனும் ஓட்ட வேண்டும். இவ்வளவும் இருப்பதைச் சீர்செய்பவருக்குத் தெரியும். நகலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டுபவருக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. என் வழக்கின் சாரம் இதுதான்.

மறுப்புரைகளும் உண்டு. புகை கக்கும் பழைய வண்டிகளுக்கு இத்தனை பரிவு ஏன் என்று சுற்றுச்சூழல் கழக நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கார்புரேட்டர் எஞ்சின் ஒருநாளும் புதிய எஞ்சினைப்போல் தூய்மையாக எரியாது, மறுக்க முடியாது. ஆனால் கெட்டுப்போன கார்புரேட்டரோடு ஓடும் வண்டிக்கும் சீரான கார்புரேட்டரோடு ஓடும் வண்டிக்கும் புகையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. வாரம் இருமுறை சந்தைக்குப் போய்வரும் ஒரு வண்டியை அழித்துப் புதிதாக ஓர் ஒன்றரை டன் இரும்பை உருக்குவதைவிட, அதைச் சீராக எரியச் செய்வது சிறு தீங்கு என்பது என் கருத்து. தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியென்றால் நானும் அவர் பக்கந்தான்.

ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்கென மைய அரசு 2021இல் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் வகுத்தது. உடலிலும் எஞ்சினிலும் பெரும் மாற்றம் செய்யாத வண்டிக்கே அது கிடைக்கும்; அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் ஓட்டலாகாது. கார்புரேட்டரை மாற்றினால் அத்தகுதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. எனினும் அசலுக்கு ஒரு மதிப்பு உண்டென்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் வாத்தியார் அந்த எண்ணை விரும்பவில்லை. “சந்தைக்குப் போக முடியாத வண்டி எனக்கு எதுக்கு?” என்றார்.

எப்போதும் அசலையே காப்பாற்றலாம் என்றும் நான் கூறேன். உடலில் விரிசல் கண்டால், துத்தநாகம் பொரிந்து உதிர்ந்தால், விட்டுவிட வேண்டியதுதான். அப்போதும் நகலை நாடாமல், புதுப்பேட்டையிலோ பிற பழஞ்சாமான் கடைகளிலோ அதே வகையைச் சேர்ந்த பழைய உடலொன்றைத் தேடி எடுத்து, அதைச் சீர்செய்வதே மேல். தேடும்போது மேற்பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஸ்பிண்டிலை விரலால் அசைத்துப் பாருங்கள். அடிப்பாகம் சமமா என்று பாருங்கள். தொண்டை அளவையும் வகை எண்ணையும் ஒப்பிடுங்கள். ஜெட்டுகளை மாற்றிக்கொள்ளலாம், உடலை மாற்ற முடியாது.

என்னை வருத்துவது வேறொன்று. மாமாவின் பட்டறையில் இன்று வேலை பழகும் பையன் எவனும் இல்லை. அவர் மகன் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் கணினி முன் அமர்ந்திருக்கிறான். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானே அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நம் வகுப்பில் தந்தை தொழில் என்ற கட்டத்தில் ‘மெக்கானிக்’ என்று எழுத இரண்டு நண்பர்கள் தயங்கியதைக் கண்டிருக்கிறேன். நாற்பதாண்டு அனுபவம் ஒருவர் விரல் நுனியில் இருக்கிறது. அதை எழுதி வைத்த புத்தகம் தமிழில் என் கைக்கு எட்டவில்லை. கல்வெட்டைப் படியெடுக்க நமக்குக் கற்பிக்கிறார்கள். வாழும் மனிதரிடமிருந்து படியெடுக்கவும் வரலாற்றுத் துறை ஏன் ஒரு பயிற்சி வைக்கலாகாது? விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு கொல்லரையோ, லேத்துக்காரரையோ, மெக்கானிக்கையோ கண்டு, அவர் செய்வதைச் செய்கிறபடியே பத்துப் பக்கம் எழுதி வந்தால், மூன்றாண்டில் நம் நூலகத்தில் ஓர் அலமாரி நிறையும்.

இயற்பியல் துறைக்கும் ஒரு விண்ணப்பம். விரிசல் கண்ட சோலெக்ஸ் ஒன்றை மாமா தருவதாகச் சொல்லியிருக்கிறார். நடுவில் நீளவாக்கில் அறுத்தால் தொண்டை, ஜெட்டு, மிதவை அறை எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். பெர்னோலியை அதில் கைவிட்டுத் தொடலாம். அறுப்பதற்கு ரம்பமும் பிடிப்பு வைஸும் நம் ஆய்வகத்தில் உள்ளன. துறைத்தலைவர் அவர்கள் இசைந்தால் வருகிற சனிக்கிழமையே கொண்டுவந்து சேர்க்கிறேன்.